படத்துக்கு அடியில் ஒரு பெயர்

கடைக்குப் பெயர் என்ன என்று முதலில் கேட்டவர் போர்டு செய்பவர். மைசூர் மண்டி மொஹல்லாவில் சந்துக்குள் சந்தாகப் போனால் அவர் கடை வரும். அக்ரிலிக் எழுத்துகளை வெட்டி வாசலில் தோரணமாகத் தொங்கவிட்டிருப்பார். போட்டோ ஸ்டுடியோ வைக்கப் போகிறேன், போர்டு வேண்டும் என்றேன். அளவு கேட்டார், சொன்னேன். எழுத்துக்குப் பின்னால் விளக்கு வேண்டுமா என்றார், வேண்டும் என்றேன். கன்னடம் பெரிதாக இருக்க வேண்டும், மற்றது சிறிதாகத்தான் போட முடியும் என்றார். இந்த ஊரிலேயே தலை நரைத்தவளிடம் சொல்கிறார், சரி என்றேன். பிறகு "ஹெசரு?" என்று பெயரைக் கேட்டார். அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

பெயரில்லாமல் போர்டு செய்ய வந்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கன்னடத்தில் சிரித்தார். மகன் பெயரை வையுங்கள், மகள் பெயரை வையுங்கள் என்று மேசை மேல் காய்ந்துகொண்டிருந்த போர்டுகளைக் காட்டினார். ஒரு பேக்கரி, ஒரு டெய்லர் கடை, ஒரு ஆட்டோ ஸ்பேர்பார்ட்ஸ் கடை. எல்லாம் யாரோ பெற்ற பிள்ளைகளின் பெயர்கள். எனக்குப் பிள்ளை இல்லை என்றேன். அப்படியானால் வீட்டுக்காரர் பெயர் என்றார். அவரும் இல்லை என்றேன். அவர் குரல் உடனே இறங்கிவிட்டது. புருஷன் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. கல்யாணமே ஆகவில்லை என்று சொன்னால் ஏன், எதற்கு என்று அரைமணி நேரம் போகும். செத்துவிட்டான் என்றால் அதோடு விட்டுவிடுவார்கள். யோசித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

அதே மண்டி மொஹல்லாவில்தான் என் பாதி ஆயுசு போயிற்று. அங்கே ஒரு பழைய ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். பாஸ்போர்ட் படம் எடுப்பது, கல்யாண ஆல்பம் அடுக்குவது, பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்து பெரிதாக்குவது எல்லாம் என் வேலை. முதலாளிக்கு வயதாகி, கடையை மொபைல் விற்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டார். இனி இன்னொருவரிடம் போய்க் கைகட்டி நிற்க எனக்கு உடம்பு வளையவில்லை. விஜயநகரில் தண்ணீர் டேங்குக்கு எதிரே ஒரு கடையைப் பிடித்தேன். முன்னால் கடை, பின்னால் ஒற்றை அறை. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை. எனக்கு அதுவே தாராளம்.

நம் ஆட்களுக்குக் கடைக்குப் பெயர் வைப்பதென்றால் சாமி, அம்மா அப்பா, கட்டியவர், பெற்றது, இவ்வளவுதான். இதைத் தாண்டி யாரும் யோசிப்பதில்லை. சாமி பெயர் வைக்கலாம் என்று பார்த்தால், என் கடை வரிசையில் பேக்கரி, மெடிக்கல், ஹார்டுவேர் மூன்றுக்கும் ஒரே சாமி. கூரியர்காரர் தினமும் மாற்றிக் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்குவார். நாலாவதாக நானும் போய் அவர் பாவத்தைக் கொட்டிக்கொள்ள வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அம்மா பெயரைத் தம்பி எப்போதோ எடுத்துக்கொண்டான். கொள்ளேகாலில் அவன் உரக்கடைக்கு அதுதான் பெயர்.

போன் போட்டபோது, "நீயும் வெச்சுக்கக்கா, அம்மா ரெண்டு பேருக்கும்தானே" என்றான்.

"யூரியா மூட்டை மேலயும் அம்மா, என் கேமரா மேலயும் அம்மாவா? போடா" என்றேன்.

என் சொந்தப் பெயர் அப்போது மனதில்கூட வரவில்லை. சொந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது டாக்டர்களும் வக்கீல்களும் செய்கிற வேலை என்று நினைத்திருந்தேன்.

கடைக்கு வெள்ளை அடித்தாயிற்று, விளக்குகள் வந்தாயிற்று. விளக்கைப் பொருத்தி வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க ஸ்டூலில் ஒரு ஆள் உட்கார வேண்டும். பழைய கடையில் யாராவது இருப்பார்கள். இங்கே யார்? தண்ணீர் கேனைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்து, அதன் மேல் என் ஸ்வெட்டரைச் சுற்றி, உச்சியில் ஒரு எவர்சில்வர் சொம்பைக் கவிழ்த்தேன். அதற்கு வெளிச்சம் பிடித்தேன், படம் எடுத்தேன். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் சொம்பு பளபளவென்று இருந்தது. சிரிப்பு வந்தது. காட்டிச் சிரிக்க யாருமில்லை என்றதும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அட, ஒரு பெயர் வைக்க ஆளில்லை, ஒரு ஸ்டூலில் உட்கார ஆளில்லை, நீ எதற்கடி ஸ்டுடியோ வைக்கிறாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் அவள் நினைவு வந்தது. தம்பி மகள். அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதி ஒருமுறை பட்டது போதும்.

அவள் பிறந்ததிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நான்தான் படம் எடுப்பேன். ஒன்று, நான் கேமராவோடு கொள்ளேகால் பஸ் ஏறுவேன். இல்லையென்றால் அவர்கள் மைசூருக்கு வருவார்கள். முதல் பிறந்தநாள்களில் ஒன்றில் நான் ஃபிளாஷை அடித்ததும் குழந்தை பயந்து, "பேட அத்தே, பேட" என்று அலறிவிட்டாள். வேண்டாம் என்பதற்குக் கன்னடம். வீட்டில் எல்லாரும் தமிழ் பேசினாலும், தெருவும் பள்ளிக்கூடமும் கன்னடம் என்பதால் அவளுக்கு அதுவும் நாக்கில் ஊறிவிட்டது. சாப்பாடு கேட்பதும் சண்டை போடுவதும் தமிழில். பயம் வந்தால் மட்டும் கன்னடம்தான். கரப்பான்பூச்சிக்கும் அதே "பேட", ஊசிக்கும் அதே "பேட". வளர்ந்த பிறகும் மாறவில்லை. நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வோம்.

அன்று சாயங்காலமே தம்பி மனைவிக்குப் போன் செய்தேன். பாப்பா பெயரைக் கடைக்கு வைக்கட்டுமா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"ஏனுங் அண்ணி, இதெல்லாம் கேக்கோணுமா? அவ உங்க பாப்பாதானுங்களே."

உங்க பாப்பா. அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன். அடுப்பில் ரசம் கொதிக்கும்போதும் சொல்லிப் பார்த்தேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்களுக்கு வீட்டில் பத்து பேர் இருந்தால் புரியாது.

கடை திறந்த அன்று எல்லாரும் வந்தார்கள். அவள்தான் குத்துவிளக்கு ஏற்றினாள். அவள்தான் ஸ்டூலில் முதலில் உட்கார்ந்தாள். சொம்புக்குப் பிடித்த வெளிச்சம் அவள் முகத்துக்குப் பொருந்தவே இல்லை, எல்லா விளக்கையும் மறுபடி நகர்த்தினேன். தம்பி மனைவி போர்டுக்குக் கீழே மகளை நிற்கவைத்துத் தன் மொபைலில் படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டாள். போர்டில் மகள் பெயர் கன்னடத்தில் பெரிதாக, அதற்குப் பக்கத்தில் ஸ்டுடியோ. மாடியில் இருக்கும் கடைச் சொந்தக்காரர், ரிட்டயர்டு ஆசாமி, இறங்கி வந்து பார்த்து, மகள் உங்களை மாதிரியே இருக்கிறாள் என்றார். நான் இதையும் திருத்தவில்லை.

ஸ்டுடியோ என்றால் கல்யாணமும் குழந்தைகளும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கல்யாணத்துக்கெல்லாம் இப்போது டிரோன் வைத்திருக்கும் பையன்கள் போகிறார்கள். என்னைப் போல ஒற்றைக் கடைக்கு வருவது பெரும்பாலும் இரண்டே வகை. விண்ணப்பத்துக்குப் படம் வேண்டும் என்று வருகிறவர்கள், வீட்டில் ஒருவர் போய்விட்டார், படம் பெரிதாக்க வேண்டும் என்று வருகிறவர்கள். இரண்டாவது வகைக்கு அவசரம் அதிகம். மொபைலில் இருக்கும் கலங்கிய படத்தையோ பழைய குரூப் போட்டோவையோ நீட்டுவார்கள். அதிலிருந்து முகத்தை மட்டும் எடுத்து, கண்ணைத் தெளிவாக்கி, நல்ல சட்டை மாட்டி, பெரிதாக்கி ஃபிரேம் போட்டுத் தர வேண்டும். அப்படித் தரும்போது படத்தின் அடியில் நடுவில் தங்க எழுத்தில் ஸ்டுடியோ பெயரைப் போடுவோம். இது எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம். வீட்டுச் சுவரில் இருக்கும் தாத்தா படத்தைப் போய்ப் பாருங்கள், இருக்கும்.

பழைய முதலாளியின் கடைக்கு அவர் காலஞ்சென்ற அப்பா பெயர். காலஞ்சென்றவர்களுக்கு அடியில் காலஞ்சென்றவர் பெயர். எத்தனையோ படத்துக்கு அதை நான் என் கையால் போட்டிருக்கிறேன். யாருக்கும் எதுவும் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

கடை திறந்து கொஞ்ச நாளில் விஜயநகரிலேயே எங்களுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பெரியவர் தவறிவிட்டார். ஹனூர் பக்கத்து ஆட்கள், மகன் வேலைக்காக இங்கே வந்து தங்கிவிட்ட குடும்பம். அவர் மகன் ஒரு கல்யாண குரூப் போட்டோவை எடுத்துக்கொண்டு என்னிடமே வந்தார். கூட்டத்தில் பெரியவர் இரண்டாவது வரிசையில் நிற்கிறார், தோளில் யாரோ கை போட்டிருக்கிறார்கள். அந்தக் கையை எடுத்து, தோளைத் திரும்ப வரைந்து, நரைத்த மீசையை முடி முடியாகப் பிரித்து, என் கடையின் முதல் பெரிய வேலை என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். அடியில் தங்க எழுத்தில் கடையின் பெயரை முதன்முறையாகப் போட்டபோது, சும்மா சொல்லக் கூடாது, எனக்குக் கண் கலங்கியது. அப்பாடா, நமக்கும் போடுவதற்கு ஒரு பெயர் இருக்கிறது.

காரியத்துக்கு நானும் போயிருந்தேன். கொள்ளேகாலிலிருந்து தம்பியும் அவன் மனைவியும் வந்திருந்தார்கள். ஹாலில் நாற்காலி மேல் படம். நெற்றியில் சந்தனம், குங்குமம், பெரிய மாலை, முன்னால் விளக்கு. ஒவ்வொருவராகப் போய்ப் படத்தின் காலடியில் பூ போட்டுக் கும்பிட்டு வந்தார்கள். போட்ட பூவெல்லாம் ஒரு பக்கமாகக் குவிந்து ஸ்டுடியோ என்ற எழுத்தை மூடிவிட்டது. மீதி வெளியில் தெரிந்தது அந்தப் பெயர் மட்டும்தான். மாலை போட்ட முகம், அதற்குக் கீழே தங்க எழுத்தில் ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் பெயர்.

தம்பி மனைவி கை நிறையப் பூவோடு போனாள். குனிந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவள் அழுகிறாள் என்று நினைத்துக் காத்திருந்தார்கள். அவள் பூவைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் அந்த எழுத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் எழுத்து எப்படி அழியும்? அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வெளியே செருப்பு கழற்றி வைத்திருந்த இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க அண்ணி இது?"

"கடைப் பேரும்மா. எல்லாப் படத்துலயும் போடறதுதான்."

"கடைப் பேருங்களா? அது எம்புள்ள பேருங்க. செத்தவங்களுக்கு மாலையப் போட்டு, அதுக்குக் கீழ எம்புள்ள பேரு. எல்லாரும் விழுந்து கும்புடறாங்க."

"பின்னாடி ஸ்டுடியோன்னு இருக்கு. பூ மறைச்சிருச்சு."

"இன்னிக்குப் பூ மறைச்சுது. நாளைக்கு இன்னொருத்தரு போவாங்க, அதுலயும் போடுவீங்க. ஊருல சாவறவங்களுக்கெல்லாம் அடியில எம்புள்ள பேரா?"

"தெரியாம நடந்து போச்சு. இனிமே போடமாட்டேன், சரியா? அழாத."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்? பெத்திருந்தா தெரியும்."

இந்த வார்த்தையைப் பல பேர் பல விதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். யாராவது சொன்னால் திருப்பிக் கொடுக்க எனக்கு வாய் உண்டு. அன்று குனிந்து என் செருப்பை மாட்டிக்கொண்டேன். தம்பி பக்கத்தில் நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். செருப்பு அவன் காலில்தான் இருந்தது.

அவள் கெட்டவள் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தீபாவளிக்குக்கூட எனக்குப் புடவை எடுக்காமல் விட்டதில்லை. பெற்றவளுக்குப் பயம். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் மேலும் தப்பில்லை, அதை இன்றைக்கும் சொல்வேன். அந்தப் பெயரை நான் எங்கே கொண்டுபோய் வைத்தேன்? என் சோற்றுக்கு மேலே வைத்தேன். நாசமாகட்டும் என்றா வைத்தேன்? ஆனாலும் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த மாலையும் அந்தப் பெயரும்தான் கண்ணுக்குள் நின்றன. எனக்கே சகிக்கவில்லை.

மறுநாள் அந்தப் படத்தைப் பெயரில்லாமல் திரும்ப அச்சடித்து, ஃபிரேமைப் பிரித்து மாற்றிக் கொடுத்தேன். பிறகு கடை வாசலில் ஏணி போட்டு ஏறி, அவள் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மாடியில் இருப்பவர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார், எதுவும் கேட்கவில்லை. எழுத்துகளைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. பழைய பெட்ஷீட்டில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். போர்டில் மிச்சம் இருந்தது ஸ்டுடியோ மட்டும். அதற்கு முன்னால் வெறும் ஆணி ஓட்டைகள்.

போன் செய்து பார்த்தேன். தம்பி எடுத்தால், "கொஞ்சம் ஆறட்டும்க்கா" என்பான். அவள் எடுக்கவே இல்லை. பாப்பாவுக்குச் செய்யலாமா என்று கை போகும். பெற்றவர்களைத் தாண்டிப் பிள்ளையிடம் போகக் கூடாது என்று மடக்கிக்கொள்வேன். நீங்கள் ரோஷம் என்று சொன்னாலும் சரிதான்.

அந்த வருஷம் அவள் பிறந்தநாள் வந்தது. நான் பைத்தியக்காரி மாதிரி கேமராவை சார்ஜில் போட்டு, பின்திரையை இஸ்திரி செய்து மாட்டி, மகாலட்சுமி கடை ஸ்வீட்டும் வாங்கி வைத்து உட்கார்ந்திருந்தேன். யாரும் வரச் சொல்லவில்லை, யாரும் வருகிறேன் என்றும் சொல்லவில்லை. அன்றைக்குக் கடைக்கு வந்தது ஒரு பஸ் பாஸ் படம், ஒரு ஆதார் ஜெராக்ஸ். சாயங்காலம் ஸ்வீட்டை எதிர் டேங்க் வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கி உட்கார்ந்து அழுதேன். நன்றாக அழுதேன். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் சத்தம் போகுமே என்று பயப்பட அங்கே யார் இருக்கிறார்கள்?

கடை மட்டும் நடந்தது. பெயரில்லாத கடைக்கு ஜனங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். டேங்க் எதிரில் இருப்பதால் டேங்க் ஸ்டுடியோ. ஆட்டோக்காரர்கள் அப்படிச் சொன்னார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அப்படிச் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தனை பெயர்களை யோசித்து, ஒன்றை வைத்து, இழந்து, கடைசியில் ஒரு சிமெண்டுத் தொட்டியின் பெயரா? டேங்க் ஸ்டுடியோவா என்று போனில் கேட்டால் ராங் நம்பர் என்று வைத்துவிடுவேன். வியாபாரம் செய்கிற லட்சணம்.

மாடிக்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல் வந்து, போர்டு பல்லுப்போன வாய் மாதிரி இருக்கிறது, ஏதாவது ஒரு பெயரை வையுங்கள் என்றார். அவர் பாவம், மரியாதையாகத்தான் சொன்னார். நான் அன்று முழுக்க யோசித்தேன். காதுகுத்துப் படத்துக்கு அடியிலும் போடலாம், காரியப் படத்துக்கு அடியிலும் போடலாம், யார் மனசும் பதறக் கூடாது. அப்படி ஒரு பெயர் எங்கே இருக்கும்? பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சட்டென்று தெரிந்தது. என் பெயர்தான். எந்தச் சாவுக்குக் கீழே அதைப் போட்டாலும் முந்தானையை எடுத்துக்கொண்டு தேய்க்க ஓடிவர ஒரு ஆள் கிடையாது. இவ்வளவு சௌகரியமான பெயரைக் கையில் வைத்துக்கொண்டா இத்தனை நாள் அலைந்தாய் என்று கேட்டுக்கொண்டேன். அப்படிக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போர்டு செய்பவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். இது யார் பெயர் என்றார். என் பெயர் என்றேன். ஓஹோ என்றார், மறுநாளே வெட்டிவிடுவதாகச் சொன்னார்.

மறுநாள் மத்தியானம், வெயிலுக்குத் தெருவில் நாய்கூட இல்லாத நேரம், மொபைலில் ஒரு படம் வந்தது. அவள்தான். வீட்டுச் சுவர் முன்னால் நின்று தன்னைத்தானே எடுத்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் காலண்டரின் ஓரம், சுவிட்ச் போர்டு. கன்னம் வற்றி, முகம் நீண்டுவிட்டிருந்தது. கண்ணுக்குக் கீழே படிப்பின் கறுப்பு. அடியில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: அத்தே, என்ட்ரன்ஸ் எக்ஸாமுக்கு போட்டோ வேணும். ஒயிட் பேக்ரவுண்ட். கீழ பேரும் தேதியும் போடணுமாம். பண்ணித் தரியா?

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை, ஏன் பேசவில்லை என்றும் கேட்கவில்லை. நேற்றுப் பார்த்துப் பேசிவிட்டுப் போனவள் மாதிரி. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். படம் பெரிதாக்க வந்த ஒருவரை நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். காலண்டரை எடுத்தேன், சுவிட்ச் போர்டை எடுத்தேன். சுருட்டை முடி, சுற்றி வெட்டினால் பொம்மைக்கு ஒட்டவைத்த மாதிரி ஆகிவிடும் என்று ஒவ்வொரு இழையாகப் பிரித்தேன். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பை மட்டும் விட்டுவிட்டேன். அது அவள் உழைத்தது.

கடைசியில் அடியில் வெள்ளைப் பட்டை வைத்து அவள் பெயரை அடித்தேன். ஒவ்வொரு எழுத்தாக. படத்துக்கு அடியில் அதே பெயர். இன்னொருவர் படத்துக்கு அடியில் வந்தபோது அது சாபமாயிருந்தது. அவள் படத்துக்கு அடியில் வந்ததும் ஹால் டிக்கெட்டுக்கு ஆகிவிட்டது. இது நான் வாசலில் விளக்குப் போட்டு மாட்டியிருக்க வேண்டிய பெயரே இல்லை, இதற்கு இடம் இதுதான் என்று தோன்றியது. அனுப்பினேன்.

உடனே போன் அடித்தது.

"அத்தே, சூப்பர். என்னோட முகமே நல்லாயிருச்சு."

"உன் முகம் எப்பவும் நல்லாத்தான் இருக்கு. எங்க இருக்க? ஒரே சத்தமா இருக்கு."

"டியூஷன் முடிஞ்சு பஸ் ஸ்டாப்ல. அம்மா இங்கயே ஒரு கடைல எடுக்கச் சொன்னாங்க. எனக்கு உன்கிட்டதான் பண்ணணும். நீதானே எப்பவும் எடுப்ப."

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, ஏன் இப்படி இளைத்துப்போனாய் என்று நாலு திட்டு திட்டினேன். அவள் சிரித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அத்தே, கடைக்கு இப்ப என்ன பேரு?"

"நாளைக்கு போர்டு வருது. என் பேருதான்."

"உன் பேரா? ஏன்?"

"அதுதான்டி வசதி. காரியப் படத்துக்கு அடியிலகூட தைரியமாப் போடலாம். மாலை போட்டாலும் சரி, பூ போட்டாலும் சரி, என் பேரைப் பாத்து யாரு பயப்படப் போறாங்க?"

வேடிக்கையாகத்தான் சொன்னேன். என் பேச்சே அப்படித்தான். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது, யாரோ டிக்கெட் டிக்கெட் என்று கத்துவது கேட்டது. அவள் குரல் மட்டும் கேட்கவில்லை.

"ஏய், இருக்கியா?"

"பேட" என்றாள்.

"என்னது?"

"பேட அத்தே. உன் பேரு பேட. அப்படியெல்லாம் போடாத. பேட அத்தே, ப்ளீஸ்."

ஃபிளாஷுக்குப் பயந்த அதே குரல். நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். வாசலுக்கு வெளியே டேங்க், வெயில், நிறுத்திவைத்த ஸ்கூட்டர்கள், எல்லாம் கலங்கலாகத் தெரிந்தன. "சரிடி தங்கம், வெக்கல. வெக்கவே மாட்டேன். பஸ்ஸப் பாரு, ஏறு" என்றேன். சத்தியமா என்றாள். சத்தியம் என்றேன். பஸ்ஸில் ஏறிவிட்டு மறுபடியும் மெசேஜ் போட்டாள்: ப்ராமிஸ் பண்ணிருக்க.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராக மண்டி மொஹல்லாவுக்குப் போனேன். போர்டு செய்பவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நிறுத்துங்கள், அந்தப் பெயர் வேண்டாம் என்றேன். முதல் எழுத்தை வெட்டியாயிற்று மேடம் என்றார். பரவாயில்லை, டேங்க் ஸ்டுடியோ என்று போடுங்கள் என்றேன். ஊரே அப்படித்தானே சொல்கிறது, இதற்கா இத்தனை மாதம் என்று தலையில் அடித்துக்கொண்டார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

வெட்டிய அந்த ஒற்றை எழுத்தை அவர் குப்பையில் போடப் போனார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்ஷீட்டைப் பிரித்து, அவள் பெயரின் எழுத்துகளுக்கு நடுவில் என் எழுத்தையும் வைத்துச் சுற்றி உள்ளே தள்ளினேன்.